சீரு செஞ்சான், நீரு குடிக்கல

நடுவோடைப்பட்டி
14.3.1988

தம்பி தவசிமுத்துக்கு,

அக்கா செல்லக்கனி எழுதுவது. நலமா என்று கேட்க மாட்டேன். நீ நலமாகத்தான் இருப்பாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் வீடு, குடிநீர்த் திட்ட ஆபீஸில் உதவி இன்ஜினீயர் உத்தியோகம், குடிக்க நல்ல தண்ணீர். உனக்கென்ன குறை?

தை மாதம் உன் மருமகள் அழகுத்தாய் சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவந்தாய். தாம்பாளம் தாம்பாளமாக வந்து இறங்கியதைப் பார்த்து என் புகுந்த வீட்டுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலை நிமிர்ந்தது. வெயிலில் வந்திருக்கிறானே என்று செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தேன். வாங்கினாய். மோந்து பார்த்தாய். கீழே வைத்துவிட்டாய். அப்புறம் பெட்டிக்கடைக்கு ஆள் அனுப்பி சோடா வாங்கிக் குடித்தாய். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

உன் அத்தான் சங்கரலிங்கம் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். "அக்கா வீட்டுல பச்சத்தண்ணி குடிக்காதவன் இனிமே என் வாசல் ஏறக் கூடாது." என் மாமியார் பெத்தம்மாள் அதைப் பாட்டாகவே கட்டிவிட்டார்கள். அம்மியில் அரைக்கும்போதும் பாட்டு, முறத்தில் புடைக்கும்போதும் பாட்டு. "சீரு செஞ்சான், நீரு குடிக்கல." நான் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கோபத்தை நான் சாகும்வரை வைத்துக்கொள்வேன், அது வேறு. எங்கள் ஊர் ரோட்டோரம் பெரிய பெரிய குழாய்களாகக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். மலையடிவாரத்திலிருந்து டவுனுக்கும் வழியில் இருக்கிற ஊர்களுக்கும் தண்ணீர் போகிறதாம். நம் ஊருக்கும் விடிவு வந்தது என்று குலவை போடாத குறை. நேற்று பள்ளம் தோண்டுகிற மேஸ்திரியிடம் கேட்டேன். "இந்த ஊருக்கு இல்லம்மா. இது உங்க ஊரு வழியாப் போகுது, அம்புட்டுதான்" என்றான். எந்த ஆபீஸ் வேலை என்று கேட்டால் உன் ஆபீஸைச் சொல்கிறான். உன் பேரையும் சொன்னான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று உனக்குத் தெரியாதா? ஓடைக்கு மேல்புறம் பேண்டேஜ் துணி வெளுக்கிற பட்டறை வந்ததிலிருந்து கிணற்றில் நுரை கட்டுகிறது. பருப்பு வேகமாட்டேன் என்கிறது. சோறு மஞ்சளாகிறது. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுகிற துணியை அங்கே வெளுக்கிறார்கள், அந்தத் தண்ணீரால் எங்கள் பிள்ளைகளுக்குப் புண் வருகிறது. அந்தப் பட்டறையில்தான் உன் அத்தானுக்கு வேலை, அதனால் வாயைத் திறக்கவும் வழியில்லை. முடிந்த மட்டும் வடக்கே தோட்டத்துப் பம்புசெட்டில் போய்த் தூக்கி வருகிறோம். தோட்டக்காரர் மனசு வைத்த நாளைக்குத் தண்ணீர், வைக்காத நாளைக்கு இந்தக் கிணறு.

அழகுத்தாய் பள்ளிக்கூடம் போகவில்லை. பெரிய மனுசியானதால் நின்றுவிட்டாள் என்று ஊரில் நினைக்கிறார்கள். இல்லை. எனக்கு இடுப்பு போய்விட்டது, அவள் குடம் தூக்குகிறாள். எட்டாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்த பிள்ளை.

பள்ளத்தை மூடுவதற்குள் பதில் எழுது.

செல்லக்கனி


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.3.1988

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. நீ திட்டினால் தாங்கிக்கொள்வேன், நலமா என்று கேட்காமல் எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று மோந்து பார்த்தேன், உண்மைதான். பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் அடித்தது. போன வருஷம் நான் மஞ்சள் காமாலையில் கிடந்தது உனக்குத் தெரியும். கண்ட தண்ணீரையும் குடித்தால் அடுத்த முறை பிழைக்க மாட்டாய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அந்தச் சபையில் எப்படிச் சொல்வேன்? என் அக்கா வீட்டுத் தண்ணீர் நாறுகிறது என்று உன் மாமியார் முன்னால் சொல்லச் சொல்கிறாயா? சொல்லாமல் இருந்ததுதான் மரியாதை என்று நினைத்தேன். அது இப்படிப் போய் முடிந்தது.

குழாய் விஷயம். இந்தத் திட்டம் நான் இந்த ஆபீஸுக்கு வருவதற்கு முன்னாலேயே போட்டது. ஊர் ஊராக ஜீப்பில் போய் விசாரித்து, குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊர்களைத்தான் சேர்த்திருக்கிறார்கள். இருக்கிற ஊர்களை விட்டுவிட்டார்கள். பட்டியலில் நடுவோடைப்பட்டிக்கு நேராக 'நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு' என்று இருக்கிறது. ஊர்க்காரர்களே சொன்னதாம். யார் சொன்னார்கள் அக்கா? பட்டறை முதலாளிக்குப் பயந்து யாராவது சொன்னார்களா?

நான் இங்கே கடைநிலை இன்ஜினீயர்தான். பெரிய இன்ஜினீயர் வேங்கடேசன் சாரிடம் பேசிப் பார்க்கிறேன். அதுவரை நீ ஒன்றும் அவசரப்பட்டுச் செய்துவிடாதே. உன்னை எனக்குத் தெரியும்.

தம்பி
தவசிமுத்து


நடுவோடைப்பட்டி
22.3.1988

தம்பிக்கு,

யார் சொன்னது என்று கேட்டாயே. சொல்கிறேன், சிரிக்காதே. எனக்கு அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

என் மாமியார்தான் சொன்னார்கள்.

மூன்று வருஷத்துக்கு முந்தி ஜீப்பில் பேண்ட் போட்ட ஆள் ஒருவர் வந்தாராம். இவர்கள் கிணற்றடியில் நின்றிருக்கிறார்கள். "ஆத்தா, உங்க ஊர்ல நல்ல தண்ணிக் கிணறு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். "இருக்கே, அந்தா இருக்கு பாருங்க" என்று கையைக் காட்டியிருக்கிறார்கள். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். கதை முடிந்தது.

எங்கள் ஊரில் இரண்டு கிணறு. ஒன்றுக்கு உப்புக்கிணறு என்று பேர், மாடு குளிப்பாட்ட. இன்னொன்றுக்கு நல்லதண்ணிக் கிணறு என்று பேர். தாத்தன் முப்பாட்டன் காலத்தில் வைத்த பேர். தண்ணீர் கெட்டுப்போய் எத்தனை வருஷமானாலும் பேர் கெட்டுப்போகுமா? "நல்லதண்ணிக் கிணத்துல நுரை வருது", "நல்லதண்ணிக் கிணத்துல நாத்தம் அடிக்கி" என்றுதான் நாங்கள் தினமும் பேசுகிறோம். அவர் கேட்டது தண்ணீரை. இவர்கள் சொன்னது பேரை.

"ஏன் அத்தை, நுரை கட்டுறதையும் சொல்லியிருக்கப்படாதா?" என்று கேட்டேன். மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது அவர்களுக்கு. "அவன் நல்லா இருக்கான்னு கேட்டானாட்டி? இருக்கான்னுதானே கேட்டான்! இருந்துச்சு, இருக்குன்னேன்!"

இதில் யாரைத் திட்ட?

ஆனால் உன்னைத் திட்டலாம். வாடை அடித்தது உனக்குத் தெரியும். காமாலை வரும் என்று தெரியும். உன் உயிரைக் காப்பாற்ற சோடா வாங்கிக் குடித்துவிட்டு, அதே தண்ணீரை அழகுத்தாய் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டாய். மரியாதையாம் மரியாதை. நீ அன்றைக்கே அந்தச் செம்பைத் தூக்கி எறிந்து சண்டை போட்டிருந்தால் உன்னைத் தம்பி என்று சொல்லியிருப்பேன்.

தெருப் பெண்களிடம் சொல்லிவிட்டேன். நம் ஊருக்குக் கிளை வைக்கிறவரை அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்காருவோம். எங்கள் மேலேயே குழாயை இறக்கட்டும் பார்ப்போம்.

செல்லக்கனி


ஸ்ரீவில்லிபுத்தூர்
25.3.1988

அக்கா,

பள்ளத்தில் இறங்காதே. முதலில் இதைப் படி.

வேங்கடேசன் சாரிடம் எல்லாம் சொன்னேன். பேர் விஷயத்தைச் சொன்னபோது அவரே சிரித்துவிட்டார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "பேரை வெச்சுத் திட்டத்தை மாத்த முடியுமா தவசிமுத்து? இன்னிக்கு உங்க அக்கா ஊருக்குக் கொடுத்தா நாளைக்கு அத்தை ஊர், சித்தி ஊர்னு வருவான்" என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார். பக்கத்து மேஜைக்காரன் அதிலிருந்து என்னைப் பார்த்தாலே 'அக்கா ஊர்' என்கிறான்.

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கேள். மலையில் கிடைக்கிற தண்ணீர் ஓர் அளவுதான். அதை இத்தனை ஊருக்கு இத்தனை என்று பிரித்துத்தான் குழாயின் அகலத்தையே முடிவு செய்திருக்கிறோம். நடுவில் ஓர் ஊரைச் சேர்த்தால் கடைசியில் இருக்கிற ஊருக்கு அழுத்தம் குறையும். அந்த ஊரில் உப்புக்கிணறு கூட இல்லை. நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

உன் கிணற்றுத் தண்ணீரை மேஸ்திரியை விட்டு எடுத்து மதுரைக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு வர மாசக்கணக்கில் ஆகும். அதற்குள் குழாய் உங்கள் ஊரைத் தாண்டிவிடும். தாண்டுவதற்கு முன்னால் உங்கள் ஊருக்கு நேராக ஒரு 'டீ', அதாவது கிளை பிரிக்கிற மூட்டுக் குழாய், வைத்துவிட்டால் போதும், பின்னால் எப்போது வேண்டுமானாலும் கிளை எடுக்கலாம். டீ இல்லாமல் மண்ணை மூடிவிட்டால் அப்புறம் உடைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதற்குத்தான் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் மறித்தால் போலீஸ் வரும். நான் தூண்டிவிட்டேன் என்று என் வேலைக்கே உலை வரும். கொஞ்சம் பொறு அக்கா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தவசிமுத்து


நடுவோடைப்பட்டி
31.3.1988

தம்பிக்கு,

உட்கார்ந்துவிட்டோம்.

உன் கடிதம் வந்தது. பள்ளத்தில் எல்லாருக்கும் கேட்க அழகுத்தாய் வாசித்துக் காட்டினாள். குழாயில் டீ வைக்க வேண்டும் என்று வாசித்ததும் என் மாமியார், "டீயும் வேண்டாம், காப்பியும் வேண்டாம், தண்ணியக் குடுங்கப்பா" என்றார்கள். பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தோம். அதுதான் இந்த வாரத்தில் சிரித்த ஒரே சிரிப்பு.

போலீஸ் வந்தது. பெண்கள் இருக்கிறார்கள் என்று கைவைக்கவில்லை, சத்தம் போட்டார்கள். என் மேல் கேஸ் எழுதப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பட்டறை முதலாளி உன் அத்தானைக் கூப்பிட்டு, "உன் பொஞ்சாதி பட்டறையால தண்ணி கெட்டுதுன்னு பேசுதாளாமே. பட்டறைய மூடிட்டா உனக்கு வேலை எங்க?" என்று கேட்டிருக்கிறார். அத்தான் வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை எத்திவிட்டார்கள். "நீ தண்ணி வாங்கிக் குடுக்கும் முந்தி எனக்குச் சோறு போயிரும். ரெண்டுல எது வேணும்னு சொல்லு" என்றார்கள். இரண்டும் வேண்டும் என்றுதான் சொன்னேன். வயிற்றுக்குச் சோறு கேட்டால் தண்ணீர் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

கடைசி ஊருக்குக் குறையும் என்று எழுதியிருந்தாய். படித்தேன், மனசு சங்கடப்பட்டது. ஆனால் அந்தக் கணக்கை எங்களைக் கேட்டா போட்டீர்கள்? டவுனில் வீட்டுக்கு வீடு போகிற குழாயில் கொஞ்சம் குறைத்தால் குறையாதா? ஏழையும் ஏழையும் அடித்துக்கொள்ளத்தான் கணக்கு வருமா?

அடுத்த வெள்ளிக்கிழமை ஆர்.டி.ஓ. நேரில் விசாரிக்க வருகிறாராம். உங்கள் பெரிய இன்ஜினீயரும் வருகிறாராம். நீ வருவாயா? வந்தாலும் வாய் திறப்பாயா, சோடாதான் குடிப்பாயா?

செல்லக்கனி


ஸ்ரீவில்லிபுத்தூர்
4.4.1988

அக்கா,

வெள்ளிக்கிழமை வருகிறேன். வரச் சொல்லி உத்தரவு.

என்ன நடக்கப் போகிறது என்று உனக்கு முன்கூட்டியே சொல்வது தப்பு. இருந்தாலும் சொல்கிறேன். தண்ணீர் கெட்டது என்று நீங்கள் சொல்வீர்கள். கிணறு நல்ல கிணறு என்று ஆபீஸ் சொல்லும். மதுரை முடிவு வரவில்லை. அப்போது அங்கேயே ஒருவர் குடித்துக் காட்டிவிட்டால் விஷயம் முடிந்தது என்று வேங்கடேசன் சார் நினைக்கிறார். அவர் குடிக்க மாட்டார். அவருக்கு ஆசாரம். எங்கே போனாலும் வீட்டிலிருந்து கூஜாவில் கொண்டுவரும் தண்ணீர்தான், கலெக்டர் ஆபீஸிலும் அப்படித்தான். அதனால் இன்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "நீ குடி. உங்க அக்கா வீடுதானே. உனக்கென்ன தயக்கம்?"

குடித்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன் அக்கா.

கோபப்படாதே. ஒரு செம்புத் தண்ணீரில் நான் செத்துப்போக மாட்டேன். ஊர்ச் சபையில், உன் மாமியார், அத்தான், கொழுந்தன்மார் முன்னால் உன் கையால் வாங்கிக் குடித்தால் அந்தப் பழி தீரும். நான் உன் வாசல் ஏறலாம். நீ தலை நிமிரலாம். என் வேலையும் நிலைக்கும். பின்னால் மதுரை முடிவு வந்ததும் முறைப்படி எழுதிக் கேட்கிறேன். அதுவரைக்கும் நம் உறவாவது மிஞ்சட்டும்.

இந்த இரண்டு மாதமாக எனக்குத் தூக்கம் இல்லை. எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

தவசிமுத்து


நடுவோடைப்பட்டி
6.4.1988

தவசி,

தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது என்று டவுன் பஸ் கண்டக்டர் மாரிச்சாமி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். வாங்கியதும் படி.

குடிக்காதே.

நீ குடித்தால் என் வீட்டுப் பழி தீரும், எனக்குத் தெரியாதா? தை மாதத்திலிருந்து அதற்குத்தானே ஏங்கிக் கிடக்கிறேன். கனவில் கூட உனக்குத் தண்ணீர் கொடுக்கிறேன், நீ வாங்கிக் குடிக்கிறாய். ஆனால் வெள்ளிக்கிழமை நீ குடித்தால் அந்தப் பள்ளம் மூடிவிடும். அக்கா வீட்டுத் தண்ணியை இன்ஜினீயரே குடித்தார், நல்ல தண்ணிதான் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் என் மகள் கல்யாணம் ஆகிப் போகிற வீட்டிலும் அந்தக் குடத்தைத் தூக்குவாள்.

ஆர்.டி.ஓ.வும் இந்தப் பக்கத்து மனுசர்தான், சிவகாசிக்காரர் என்கிறார்கள். அவருக்குத் தெரியும். கூடப்பிறந்தவள் கையால் கொடுக்கிற தண்ணீரை எவனும் சபையில் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். குழாய்க்காகப் பொய் சொல்வான், வேலைக்காகப் பொய் சொல்வான், இதை மட்டும் பொய்யாகச் செய்ய மாட்டான். நீ வேண்டாம் என்று சொன்னால் அவர் நம்புவார்.

செம்பை நானே கொண்டுவந்து கொடுப்பேன். என் முகத்தைப் பார்க்காதே. பார்த்தால் குடித்துவிடுவாய். "என் அக்கா வீட்டுத் தண்ணி எனக்கு வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்லு. முணுமுணுக்காதே, எல்லாருக்கும் கேட்க வேண்டும்.

உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். நான் பாவிதான்.

அக்கா


நடுவோடைப்பட்டி
10.4.1988

என் தம்பிக்கு,

நீ ஜீப்பில் ஏறிப் போனதிலிருந்து உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான்தான் சொல்லச் சொன்னேன். என்ன சொல்லப் போகிறாய் என்று ஒவ்வொரு எழுத்தும் தெரியும். இருந்தும் நீ செம்பை என் கையிலிருந்து வாங்கி, கிணற்றடிக் கல்லில் வைத்து, "எங்க அக்கா வீட்டுத் தண்ணி எனக்கு வேண்டாம்" என்று சொன்னபோது நிஜமாகவே சொன்னது போல இருந்தது. நடிக்கிறாயோ என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ நடிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தாய்.

நீ தலையைக் குனிந்துகொண்டே இருந்தாய், அப்புறம் நடந்ததை எவ்வளவு கவனித்தாயோ தெரியாது. உங்கள் பெரிய இன்ஜினீயர், "தவசிமுத்து, இது ஒழுங்கீனம்" என்று அதட்டினார். என் கொழுந்தன்மார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களையெல்லாம் தள்ளிக்கொண்டு என் மாமியார் முன்னால் வந்தார்கள் பார். ஐயோ, அந்த ஆங்காரத்தை நான் பார்த்ததே இல்லை. மண்ணை அள்ளித் தூற்றினார்கள்.

"ஏலே, நாறுத தண்ணின்னு எங்களுக்குத் தெரியாதா? நுரைக்கின்னு எங்களுக்குத் தெரியாதா? விதியேன்னு நாங்க குடிக்கலையா? எம் பேத்தி குடிக்கலையா? வயித்தால போயி எம்புட்டுப் பிள்ளைக கெடந்துச்சு! அதுக்காக அக்கா குடுத்த தண்ணிய வேண்டாம்னு சபையில சொல்லுவியால?"

உன்னைத் திட்ட வந்த அவசரத்தில் அத்தனையும் கொட்டிவிட்டார்கள். ஆர்.டி.ஓ. கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார். "ஆத்தா, திரும்பச் சொல்லுங்க. இந்தத் தண்ணி நாறுதா?" என்று கேட்டார். "நாறாம மணக்குமா? நீரு மோந்து பாரும்" என்று செம்பை எடுத்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார்கள். அவர் மோந்தார். உன் மாதிரியே முகம் சுளித்தார். அப்புறம் உங்கள் பெரிய இன்ஜினீயரைப் பார்த்து, "இங்க ஒரு டீ வெச்சுட்டு மேல போங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

கிணறு இருக்கிறது என்று சொல்லி ஊரைக் கெடுத்ததும் அவர்கள் வாய்தான், நாறுகிறது என்று சொல்லி மீட்டதும் அவர்கள் வாய்தான். இதை அவர்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன்மேல் கோபம் துளிகூடக் குறையவில்லை அவர்களுக்கு.

அத்தானும் கொழுந்தன்மாரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார்கள். இனி நல்லது கெட்டது எதற்கும் நீ இந்த வாசலில் ஏறக் கூடாது. நான் சொல்லித்தான் நீ செய்தாய் என்று சொல்லிவிடட்டுமா? சொன்னால் ஆபீஸில் தெரிந்து டீயைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

நேற்று மேஸ்திரி வந்து டீயை வைத்து மண்ணை மூடினான். மூடிய இடத்தில் அழகுத்தாய் ஒரு கல்லை நட்டுவைத்திருக்கிறாள்.

அக்கா


கடலாடி
2.9.1988

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வந்து சேர்ந்த விவரம் முன்பே எழுதியிருந்தேன். மாற்றல்தான், வேலை போகவில்லை. அந்த மட்டும் ஆண்டாள் புண்ணியம்.

இந்தப் பக்கம் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. பெண்கள் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் கோரிக் கோரிக் குடத்தை நிறைக்கிறார்கள். ஒவ்வொரு ஊற்றடியிலும் உன்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

கிளம்பும்போது வேங்கடேசன் சாரைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் மேஜைமேல் கூஜா இருந்தது. மனசில் இருந்ததைக் கேட்டே விட்டேன். "சார், நீங்களும் வெளித்தண்ணி குடிக்கலை, நானும் குடிக்கலை. உங்களுக்கு அது ஆசாரம், எனக்கு மட்டும் ஒழுங்கீனமா?" அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "உக்காருப்பா" என்று கூஜாவைத் திறந்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மதுரை முடிவு இப்போதுதான் வந்திருக்கிறது. உன் கிணற்றுத் தண்ணீர் குடிக்கத் தகுதியற்றது. நமக்குத் தெரிந்ததுதான். இப்போது அது ஆபீஸ் எழுத்திலும் இருக்கிறது. பட்டறையைப் பற்றி மேலே எழுதிப் போட்டிருக்கிறேன்.

கடைசி ஊர் என் மனசை விட்டுப் போகவில்லை. டவுன் கிளையில் அழுத்தத்தைக் குறைத்து அந்த ஊருக்கு ஈடுகட்ட வழி இருக்கிறது என்று கணக்குப் போட்டு சாருக்கு அனுப்பினேன். நீ சொன்ன யோசனைதான். பார்க்கிறேன் என்று கார்டு போட்டிருக்கிறார். அங்கேயும் யாரோ ஒருவனுக்கு அக்கா இருப்பாள்.

நீ சொல்லித்தான் நான் செய்தேன் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். எனக்காக உன் வீட்டில் சண்டை வேண்டாம். அழகுத்தாய் படிக்கட்டும்.

தவசிமுத்து


நடுவோடைப்பட்டி
23.1.1990

என் தம்பி தவசிமுத்துக்கு,

நலமா? கேட்டுவிட்டேன். இப்போதாவது சந்தோஷமா?

நம் ஊருக்குக் குழாய் வந்துவிட்டது. பொங்கல் கழிந்து திறந்துவிட்டார்கள். டீ வைத்துக் கிளை எடுக்க இவ்வளவு காலம் இழுத்தடித்தார்கள். மூன்று தெரு கூடுகிற இடத்தில் சிமெண்டு மேடை கட்டிக் குழாய் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வருகிறது. சண்டை வருகிறது, குடம் உடைகிறது, ஆனால் பருப்பு வேகிறது. கடைசி ஊருக்கும் ஏறுகிறது என்று மாரிச்சாமி அண்ணன் சொன்னார்.

பட்டறை இன்னும் ஓடுகிறது. தொட்டி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறதாம், கட்டின பாடில்லை. உன் அத்தான் அங்கேதான் வேலை. நல்லதண்ணிக் கிணற்றில் நுரை அப்படியே இருக்கிறது. பேரும் அப்படியே இருக்கிறது. இன்னொரு ஜீப் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று மாமியாரிடம் கேட்டேன். "மொதல்ல மோந்து பாரு, பொறவு பேசுன்னு சொல்லுவேன்" என்றார்கள்.

அழகுத்தாய் ஜூன் மாதமே ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள், இத்தனை நாளும் விடியுமுன் குடம் தூக்கிவிட்டுத்தான் போனாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கம். போன வாரம் அழுதாள். ஆனாலும் போகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குழாயில் முதல் குடம் பிடித்த அன்று எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். நான் சொல்லித்தான் அவன் வேண்டாம் என்றான், நான்தான் கடிதம் எழுதினேன், கோபம் என்றால் என்மேல் கோபப்படுங்கள் என்று. டீயைப் பிடுங்குவார்களோ என்ற பயம் இப்போது இல்லையே. கொழுந்தன்மார் தரையைப் பார்த்தார்கள்.

அத்தான் கடைசியில், "சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணியாச்சு செல்லக்கனி. இந்த வாசல் அவன் ஏறக் கூடாதுன்னா கூடாதுதான்" என்றார்கள். குரலில் முந்தின காரம் இல்லை.

"ஏற வேண்டாம்" என்றேன். "குழாயடிக்கு வரட்டும். குழாயடி உங்க வாசலா? அது எவன் வீடும் இல்ல. ஊருக்குப் பொது. அங்க எவனும் குடிக்கலாம், என் தம்பியும் குடிக்கலாம்."

அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். என் மாமியார் எழுந்து உள்ளே போனார்கள். கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் அந்தச் செம்பை எடுத்துவைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீ கிணற்றடிக் கல்லில் வைத்துவிட்டுப் போனாயே, அதே செம்பு. அன்றிலிருந்து பரணில் கிடந்து களிம்பேறிப் போயிருந்தது. "சீரு செஞ்சான்" என்று மெதுவாக இழுத்தார்கள். அடுத்த அடியைப் பாடவில்லை. "ஞாயித்துக்கெழம தண்ணி வரும், அன்னிக்கி வரச் சொல்லு" என்றார்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

லீவு போட்டுவிட்டு வா. முதல் பஸ்ஸுக்கு இறங்கினால் தண்ணீர் வருகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும். வீட்டுப் பக்கம் வராதே, நேரே குழாயடிக்கு வா. எல்லாரும் இருப்போம். பிடித்து என் கையால் கொடுப்பேன். மோந்து பார்ப்பதென்றால் பார்த்துக்கொள், எனக்குக் கோபம் வராது.

பெட்டிக்கடைக்காரனிடம் சொல்லிவைத்துவிட்டேன். உனக்குச் சோடா கிடையாது.

உன் அக்கா
செல்லக்கனி